வயிறு மாறிய பூச்சி

ஓரகத்திகள் இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்தாலே சுவருக்குக் காது முளைத்துவிடும். அவர்கள் ஒரே இடத்தில் வேலையும் பார்த்தால்? ஒரே பேருந்தில் போய் ஒரே பேருந்தில் திரும்பினால்? மதியச் சாப்பாட்டு டப்பாக்களைக்கூட ஒரே பையில் தூக்கிக்கொண்டு போனால்? எட்டு மாதம் வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. பார்த்தவர்களெல்லாம் கூடப்பிறந்தவர்களா என்று கேட்டார்கள். ஒன்பதாம் மாதம் சின்னவள் ஒரு பூச்சியைக் கண்டுபிடித்தாள்.

பெரியவள் அந்த வீட்டுக்கு மூத்த மருமகள். கால்நடை நோய் ஆராய்ச்சி நிலையத்தின் பூச்சிப் பிரிவில் பத்தொன்பது வருடமாக ஸ்லைடு போடுகிறவள். சின்னவள் அவளுடைய கொழுந்தன் மனைவி. பட்டத்துக்கு மேல் பட்டம் வாங்கியவள். பிரிவில் ஆராய்ச்சியாளர் வேலை ஒன்று காலியானபோது, "எங்க வீட்லயே ஒரு பொண்ணு இருக்கா சார், நல்லாப் படிச்சவ, சும்மா உட்கார்ந்திருக்கா" என்று தலைவரிடம் போய்ச் சொன்னது சாட்சாத் பெரியவளேதான். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டேன் என்று பிற்பாடு அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டதற்கு இதுதான் காரணம்.

பூச்சியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கொசு என்று நினைத்துவிடாதீர்கள். கொசு இதற்குப் பெரியப்பா. கடுகில் பாதிகூட இருக்காது, கொசுவலையின் கண்ணுக்குள் தாராளமாக நுழைந்து வரும், கடித்துவிட்டுப் போன பிறகுதான் கடித்ததே தெரியும். வெப்ப நாடுகளில் மாட்டுக்கொட்டகைச் சேற்றில் கோடிக்கணக்கில் பிறந்து, ஆடு மாடுகளுக்கு நீலநாக்கு நோயைக் கொண்டு சேர்க்கிறது. புத்தகத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. பிரிவில் எல்லோரும் பொடிப்பூச்சி என்பார்கள். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பதை இதைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

கொட்டகைகளில் விளக்குப் பொறியைத் தொங்கவிட்டால் காலையில் அதன் அடியில் இருக்கும் ஆல்கஹால் புட்டியில் ஆயிரக்கணக்கான பூச்சிகள் கிடக்கும். அவற்றைக் கொட்டி, நுண்ணோக்கியின் கீழ் இறக்கைப் புள்ளிகளைப் பார்த்து இனம் பிரிப்பார்கள். சந்தேகம் வந்தால் ஸ்லைடு போட வேண்டும். அது பெரியவளின் வேலை. பூச்சியை பீனாலில் ஊறவைத்துக் கண்ணாடி போலாக்கி, ஊசி முனையால் இறக்கையைத் தனியாக, தலையைத் தனியாக, மார்பை, வயிற்றைத் தனியாகப் பிரித்து, ஒரே கண்ணாடிச் சில்லில் பிசின் சொட்டுகளில் வரிசையாகப் பதித்து, மேலே மூடிபோடுவது. கால்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். தும்மினால் போச்சு. அந்த அறையில் மின்விசிறி ஓடாது, பேச்சு கிடையாது. பத்தொன்பது வருடத்தில் அவள் போட்ட ஸ்லைடுகள் பன்னிரண்டு அலமாரி. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு நிபுணர் அவற்றைப் பார்த்துவிட்டு, "இது கையா, இயந்திரமா?" என்று கேட்டதை அவள் வீட்டில் குறைந்தது நாற்பது தடவை சொல்லியிருக்கிறாள்.

ஆனால் அந்தப் பன்னிரண்டு அலமாரியிலும் அவள் பெயர் எங்கும் கிடையாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை சின்னவள் தன் நாற்காலியிலிருந்து, "சார், இங்க கொஞ்சம் வந்து பாருங்களேன்!" என்று கத்தினாள். தலைவர் வந்து குனிந்தார். அவருக்குப் பிரிவில் பூதக்கண்ணாடி என்று பெயர். கண்ணாடியின் தடிமன் அப்படி. குனிந்தவர் நிமிரவே இல்லை. இறக்கை முழுக்கக் கருமை, நுனியில் மட்டும் மூன்று வெள்ளைப் புள்ளிகள், நடுப்புள்ளி ஓரத்தைத் தொடாமல் உள்ளே தள்ளி நின்றது. அப்படி ஓர் இறக்கை எந்தப் புத்தகத்திலும் இல்லை. மதியத்துக்குள் அதே புட்டியில் இன்னும் மூன்று கிடைத்தன. மொத்தம் நான்கு பெண் பூச்சிகள்.

"புது இனம்," என்றார் பூதக்கண்ணாடி. எல்லோரும் கை தட்டினார்கள். பெரியவளும் தட்டினாள். தட்டியபடியே கண் மட்டும் தன் மேசைப் பக்கம் போயிற்று.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் அவள் தன் மேசையின் அடி இழுப்பறையைத் திறந்தாள். அதில் ஒரு பழைய மரப்பெட்டி. மேலே அவள் கையெழுத்தில் 'சந்தேகம்'. உள்ளே ஏழு ஸ்லைடுகள். நான்காவதை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள். கருத்த இறக்கை, நுனியில் மூன்று வெள்ளைப் புள்ளிகள், நடுப்புள்ளி மட்டும் உள்ளே தள்ளி.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அவள் போட்டது. அன்றைக்கே பூதக்கண்ணாடியிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் நின்றபடியே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆல்கஹால்ல கெடந்து வெளுத்துப்போன சரக்கும்மா இது. ஸ்லைடு போடறது உங்க வேலை. பாக்கறது என் வேலை" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவளும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு வந்து பெட்டிக்குள் வைத்தாள். அதற்குப் பிறகு எதையும் யாரிடமும் காட்டுவதில்லை.

நியாயமாகப் பார்த்தால் அந்த மதியமே அவள் ஸ்லைடை எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. போனால் என்ன சொல்வார்கள்? "ஓ, அப்படியா, நல்லதாப் போச்சு, கூட ஒரு மாதிரிப் பூச்சி கிடைச்சுது" என்பார்கள். பதினோரு வருடம் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தது, நேற்று வந்தவளுக்குக் கூடுதலாக ஒரு மாதிரிப் பூச்சியாகப் போய்விடும். எட்டே மாதம்! இவளுக்குக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதுபோல எல்லாம் வருகிறது. படிப்பு வந்தது. வேலை வந்தது. கூப்பிட்ட குரலுக்குப் பூதக்கண்ணாடி ஓடி வருகிறார். பூச்சிகூட இவள் வருகிறவரைக்கும் காத்திருந்து வந்து விழுந்திருக்கிறது. பொறாமைக்கு அசூயை, அழுக்காறு என்று எத்தனையோ நாகரிகமான வார்த்தைகள் இருக்கின்றன. எதைச் சொன்னாலும் எரிவது வயிறுதான். பெரியவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டப்பாவை மூடிப் பையில் வைத்தாள்.

"என்னக்கா, சாப்பிடலையா?" என்றாள் சின்னவள் பேருந்தில்.

"பசிக்கல."

"எனக்கும்தான்க்கா! சந்தோஷத்துல தொண்டைக்குள்ளயே இறங்கல."

இவளை என்ன செய்வது?

புது இனத்தை உலகம் ஒப்புக்கொள்ள வேண்டுமென்றால் அதை வர்ணித்துக் கட்டுரை எழுத வேண்டும். தலைமுதல் வால்வரை ஒவ்வொரு உறுப்பும் எத்தனை, என்ன நீளம், என்ன வடிவம் என்று. ஒரே ஒரு பூச்சியைத் தேர்ந்தெடுத்து அதன் ஸ்லைடில் சிவப்புச் சீட்டு ஒட்ட வேண்டும். இனத்தின் பெயர் அந்தச் சிவப்புச் சீட்டில்தான் தொங்கும். பிற்காலத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். பூச்சியின் பெயருக்குப் பின்னால் வர்ணித்தவரின் பெயர் ஒட்டிக்கொள்ளும். வர்ணித்தவர் செத்துப்போனாலும் ஒட்டிக்கொண்டிருக்கும். பத்தொன்பது வருடமாக மற்றவர்கள் பெயருக்கெல்லாம் சிவப்புச் சீட்டு ஒட்டிக்கொடுத்தவளுக்கு இது தெரியாதா?

மறுநாள் சின்னவள் நான்கு பூச்சியும் இருந்த சின்னப் புட்டியைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தாள். "அக்கா, நீங்க போட்டாத்தான் எனக்கு நிம்மதி."

பெரியவள் புட்டியைப் பார்த்தாள். வாயில் தானாக வந்தது. "கை வலிக்குதும்மா. மணிக்கட்டுல ஏதோ பிடிச்சுக்கிட்டிருக்கு. ஊசியைப் பிடிக்கவே முடியல. நீயே போட்டுப் பழகு, எத்தனை நாளைக்கு என்னையே நம்பிக்கிட்டிருப்பே?"

"ஐயோ, எப்பலேர்ந்து? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"ஓய்வு குடுத்தாப் போதும்."

பொய் அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அன்று சாயங்காலம் மாடியிலிருந்து சின்னவள் தைலப் புட்டியோடு இறங்கி வந்தாள். மாடியில் சின்னவளும் கொழுந்தனும், கீழே பெரியவளும் அவள் கணவனும். "கையைக் குடுங்க" என்று உட்கார்ந்து, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தேய்த்துவிட ஆரம்பித்தாள். நன்றாகத்தான் தேய்த்தாள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். கீழ்வீட்டுத் துணிகளையும் அள்ளிக்கொண்டு போய்த் துவைத்தாள், அக்கா கையில் தண்ணீர் படக்கூடாதாம். பெரியவளின் கணவன் செய்தித்தாளுக்கு மேலே பார்த்து, "உனக்கு யோகம்தான். எனக்கு முதுகு வலிச்சா யாரும் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல" என்றான்.

பெரியவள் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலிக்காத கையைத் தேய்க்கக் கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். இடையிடையே முகத்தை வேறு சுளிக்க வேண்டும். கூச்சத்தில் அவளுக்குச் சின்னவள் மேல் இன்னும் கோபம் வந்தது. இவள் கொஞ்சம் கெட்டவளாக இருந்து தொலைத்தால்தான் என்ன?

ஸ்லைடு அறையிலிருந்து வந்த செய்திகள் வேறு மாதிரி இருந்தன. முதல் பூச்சி மூடிக்குக் கீழே நசுங்கிப் போனது. இரண்டாவதைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது சின்னவள் புழுக்கம் தாங்காமல் மின்விசிறியைப் போட்டாள், வயிறு பறந்துபோய்விட்டது. பெரியவள் தலையைக் குனிந்துகொண்டு தன் மேசையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். மனசுக்குள் யாரோ இனிப்பு ஊட்டியது போல இருந்தது. இல்லை என்று சொன்னால் அது இரண்டாவது பொய். மூன்றாவதுக்கு முன்னால் சின்னவள் சாதாரணப் பூச்சிகளை வைத்து ஒரு வாரம் கைபழகினாள். பிறகு மூன்றாவது நன்றாக வந்தது. கொஞ்சம் கோணல்தான், ஆனாலும் எல்லா உறுப்பும் இருந்தன. "இதுக்கே சிவப்புச் சீட்டு ஒட்டிடலாம். நாலாவதைத் தொடாதே, ஒண்ணாவது முழுசா ஆல்கஹால்ல இருக்கட்டும்" என்றார் பூதக்கண்ணாடி.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு குடும்பமும் கீழே சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னவள் தொண்டையைச் செருமினாள். "ஒரு விஷயம் சொல்லணும். பூச்சிக்குப் பேரு முடிவு பண்ணிட்டேன். அக்கா பேரு."

பெரியவளின் பெயருக்கு வாலில் லத்தீன் மொழியில் ஒரு சின்ன ஒட்டு. அவ்வளவுதான், பெயர் தயார். "அக்கா இல்லேன்னா எனக்கு இந்த வேலையே கிடையாது. உலகம் இருக்கறவரைக்கும் இந்தப் பேரு இருக்கும்!"

பெரியவளின் கணவனுக்குப் புரையேறியது. "கண்ணுக்குத் தெரியாம வந்து கடிக்குமே, அதுக்கா? பொருத்தம்னா பொருத்தம், பத்துக்குப் பத்து!"

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள். சிரித்த கையோடு எழுந்து சமையலறைக்குப் போய் கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். பெயருக்குப் பின்னால் நிற்பது கண்டுபிடித்தவள். பெயராக நிற்பது நன்றிக்குரியவள். அவளுடைய பூச்சியை, பதினோரு வருடம் முன்னால் அவள் பார்த்த பூச்சியை, எடுத்துக்கொண்டு அவளுக்கே பரிசாகக் கொடுக்கிறாள் இவள். தன் வீட்டுச் செம்பைத் தனக்கே சீராகக் கொடுத்தால் எப்படி இருக்கும்? இதில் வாங்கிக்கொண்டு நன்றி வேறு சொல்ல வேண்டும். நன்றி சொன்னாள்.

நான்கு மாதத்தில் கட்டுரை எழுதி முடிந்தது. அனுப்புவதற்கு நான்கு நாள் முன்னால் சின்னவள் ஒரு பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தாள். "எண்ணெல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை பாத்துடுங்கக்கா. உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது."

பெரியவள் இறக்கை நீளம் பார்த்தாள், சரி. உணர்கொம்பின் கணுக்கள், சரி. வயிற்றுக்கு வந்தாள். பெண் பூச்சியின் வயிற்றுக்குள், ஆண் தந்த விந்தைச் சேர்த்து வைக்க உருண்டையாகப் பை இருக்கும்; அதன் எண்ணிக்கை இனத்துக்கு இனம் மாறும். 'விந்துப்பை இரண்டு' என்று எழுதி, அழகாகப் படமும் வரைந்திருந்தது.

பெரியவள் பென்சிலைக் கீழே வைத்தாள். அவளுடைய பழைய ஸ்லைடில் ஒன்றுதான். பெரிதாக, ஒரே ஒரு பை. பதினோரு வருடம் முன்னால் அவளைச் சந்தேகப்படவைத்ததே அதுதான்.

சிவப்புச் சீட்டு ஒட்டக் காத்திருந்த ஸ்லைடை எடுத்துப் பார்த்தாள். ஒரு நிமிடம் ஆகவில்லை. இந்த வயிறு இந்த இறக்கைக்குச் சொந்தமில்லை. இறக்கைக்குப் பொருந்தாத பருமன், மார்போடு சேர வேண்டிய வெட்டும் ஒட்டவில்லை. எப்படி நடந்தது என்பதும் தெரிந்தது. கைபழகிய சாதாரணப் பூச்சியின் வயிறு கிண்ணத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. அதே கிண்ணத்தில் புதுப் பூச்சியையும் பிரித்திருக்கிறாள். கிடந்ததை எடுத்துப் பதித்துவிட்டாள். சொந்த வயிறு கிண்ணம் கழுவிய தண்ணீரோடு போயிருக்கும். ஒரு கிண்ணத்தில் ஒரு பூச்சி, அடுத்ததைப் போடுமுன் கழுவிக் கவிழ்த்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். இது பெரியவளின் சட்டம். எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வாயைத் திறக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தாள். கட்டுரை வெளியாகும். இன்னும் ஐந்து வருடத்திலோ பத்து வருடத்திலோ வேறு நாட்டில் யாராவது சிவப்புச் சீட்டு ஸ்லைடை வரவழைத்துப் பார்ப்பான். 'இறக்கை ஓர் இனம், வயிறு வேறு இனம்' என்று எழுதுவான். இந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய மானக்கேடு கிடையாது. அந்தக் கேலி சின்னவள் செத்த பிறகும் அவள் பெயரை விடாது. பூச்சி தன் பெயரில் இருக்கிறதே என்பதும் பெரியவளுக்கு உறைத்தது. எனக்கு ஒரு கண் போனாலும் எதிராளிக்கு இரண்டு கண்ணும் போகட்டும் என்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாள். தானும் அந்தக் கூட்டம்தான் என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டாள்.

"எல்லாம் சரியா இருக்கும்மா" என்று பிரதியைத் திருப்பிக் கொடுத்தாள்.

இரண்டு நாள் அந்தச் சந்தோஷத்தில் ஓடியது. பேருந்தில் சின்னவள் தோளில் சாய்ந்து தூங்கியபோது, தூங்கடி ராஜாத்தி, தூங்கு என்று நினைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் ஏனோ அந்த ஸ்லைடு கண்ணை விட்டுப் போக மறுத்தது. துணி மடிக்கும்போது வந்தது, பல் துலக்கும்போது வந்தது. வேறு பூச்சியின் வயிற்றை மாட்டிக்கொண்டு, கோணலாக, கால்கள் ஆளுக்கொரு திசையாக. பொய் சொன்னதைத் தாங்கிக்கொண்டாள், பொறாமையைத் தாங்கிக்கொண்டாள். தன் அறையிலிருந்து அப்படி ஒரு ஸ்லைடு வெளியே போவதை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை. அன்று சாயங்காலமும் தைலப் புட்டி இறங்கி வந்தது. கையைத் தேய்த்துக்கொண்டே சின்னவள், "நாளைக்கு ரெண்டு மணிக்கு அனுப்பறோம்க்கா" என்றாள். பெரியவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"வலிக்குதாக்கா?"

"இல்ல. போதும், நீ போய்த் தூங்கு."

மறுநாள் காலை பத்து மணிக்குச் சின்னவளை ஸ்லைடு அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். மரப்பெட்டியைத் திறந்து, நான்காவது ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்து, "பாரு" என்றாள்.

சின்னவள் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "அக்கா! இது நம்ம பூச்சி! எங்க கிடைச்சுது?"

"வயித்தைப் பாரு."

சின்னவள் ஸ்லைடை நகர்த்தினாள். வெகுநேரம் பார்த்தாள். மெல்ல நிமிர்ந்தாள். "ஒண்ணுதான் இருக்கு."

"உன்னோடதுல வேற வயிறு. கிண்ணத்துல முன்னாடியே கிடந்தது."

சின்னவள் சீட்டைப் படித்தாள். தேதியை இரண்டு தடவை படித்தாள். "பதினோரு வருஷம். இது எங்க இருந்துது?"

"என் இழுப்பறையில."

"நான் கண்டுபிடிச்ச அன்னிக்கு உங்களுக்குத் தெரியுமா?"

"அன்னிக்கு மதியமே எடுத்துப் பாத்துட்டேன். சொல்லல. பொறாமை. வேற ஒண்ணும் இல்ல. நான் பாத்தப்போ வெளுத்த சரக்குன்னாங்க. நீ பாத்ததும் கை தட்டினாங்க. எனக்குத் தாங்கல. இந்த வயிறு விஷயமும் நாலு நாளா தெரியும். எல்லாம் சரியா இருக்குன்னுதான் சொன்னேன்."

சொல்லி முடித்ததும் திட்டு விழும், அழுகை வரும் என்று காத்திருந்தாள். இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தாள். சின்னவள் அதையெல்லாம் விட்டுவிட்டு அவள் கையைத்தான் பார்த்தாள்.

"அப்போ கை?"

பெரியவள் மரப்பெட்டியின் மூடியைச் சாத்தினாள்.

"கை வலிக்கவே இல்லையா?"

"இல்ல."

சின்னவள் தலையை ஆட்டினாள், ஏதோ கணக்கு புரிந்துவிட்டதுபோல. எழுந்து போய் ஆல்கஹால் புட்டியைக் கொண்டுவந்தாள். கடைசியாக மிஞ்சியிருந்த நான்காவது பூச்சி. அதை மேசையில் வைத்தாள். "போடுங்க."

கழுவிக் கவிழ்த்துப் பார்த்த கிண்ணத்தில், பீனாலில் பூச்சி ஊற இரண்டு மணிநேரம் ஆயிற்று. இரண்டு மணிநேரமும் இருவரும் அதே அறையில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு பெரியவள் ஊசியை எடுத்தாள். நான்கு மாதமாக அறிவிக்கப்பட்ட நோயாளியாக இருந்த கை, ஒரு நடுக்கம் இல்லாமல் இறக்கையைப் பிரித்தது, தலையைப் பிரித்தது. வயிறு பிசின் சொட்டுக்குள் தெளிவாக இறங்கியது. கால்கள் ஆறும் ஒரே பக்கம் பார்த்தன. அவள் வாழ்க்கையிலேயே அதைவிட நல்ல ஸ்லைடு போட்டதில்லை. நிமிர்ந்து, வழக்கமாகக் கிடைக்கும் பாராட்டுக்காகப் பக்கத்தில் பார்த்தாள். சின்னவள் அவளைத் தாண்டிக் குனிந்து கண்ணை நுண்ணோக்கியில் வைத்தாள்.

"ஒண்ணு" என்றாள்.

பூதக்கண்ணாடி வந்து இரண்டு ஸ்லைடையும் பார்த்தார். பழைய சீட்டின் தேதியைப் பார்த்து, "இதை அப்பவே எங்கிட்ட காட்டியிருக்கலாமே?" என்றார்.

"காட்டினேன் சார். வெளுத்த சரக்குன்னு சொன்னீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றைக்குக் கட்டுரை போகவில்லை.

ஒரு வாரத்தில் சின்னவள் வயிற்றுப் பகுதியைத் திருத்தி எழுதினாள். புதுப் பிரதியைக் கொண்டுவந்து பெரியவள் மேசையில் வைத்தாள். தலைப்புக்குக் கீழே ஆசிரியர்கள் இரண்டு பேர். முதலில் பெரியவள், பிறகு சின்னவள். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை தன் பெயரை அந்த இடத்தில் பார்த்தாள். விரலால் தடவிக்கூடப் பார்த்தாள்.

"முதல்ல பாத்தது நீங்க, அதனால உங்க பேருதான் முதல்ல வரணும்" என்றாள் சின்னவள். "எழுதறவங்க பேரையே பூச்சிக்கு வெச்சுக்கற வழக்கம் கிடையாது, உங்களுக்கே தெரியும். அதனால பூச்சிக்கு வெச்சிருந்த உங்க பேரை எடுத்துட்டேன். அந்த மூணு புள்ளியை வெச்சு வேற பேரு போட்டிருக்கேன்."

"அதுக்கென்ன. நீ வழக்கப்படிதானே செய்யணும்."

"வழக்கம் இல்லேன்னாலும் எடுத்திருப்பேன்" என்றாள் சின்னவள். கோபமாகச் சொல்லவில்லை. விந்துப்பை எத்தனை என்று சொல்வதுபோலச் சொன்னாள். "எண்ணெல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக் குடுங்க."

அக்கா என்ற வார்த்தை வரும் என்று பெரியவள் வாக்கியம் முடிகிறவரைக்கும் பார்த்தாள். வரவில்லை.

அன்று சாயங்காலம் ஆறரை மணிக்கு அவள் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மாடியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது. படியில் யாரும் இறங்கவில்லை. கணவன் செய்தித்தாளை மடித்துவிட்டு அண்ணாந்து பார்த்தான்.

"என்ன, ஒரு வாரமா தைலத்தைக் காணோம்? கைக்கு என்னாச்சு?"

பெரியவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரியாப் போச்சுங்க" என்றாள்.